வால்நட் ஓவர்சியர்

ஜனவரி 8, ஞாயிறு

புது டைரி. கல்யாணி ஓசூரிலிருந்து அனுப்பியது. அவள் கம்பெனியில் இலவசமாகக் கொடுத்தார்களாம். மகள் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் மைதானத்தில் நடைப்பயிற்சியாளர் சங்கத்தின் கூட்டம். சித்திரையில் ஆண்டு விழா. அதில் வால்நட்டின் நன்மைகள் பற்றி நான் பேச வேண்டுமாம். "நம்ம வால்நட் ஓவர்சியர விட்டா வேற யாருவே இருக்கா?" என்று என் நடைக் கூட்டாளி தளவாய்தான் முன்மொழிந்தான். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து கால்வாயும் மதகுமாக வாழ்க்கையை ஓட்டியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த பட்டம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தது.

பட்டம் சும்மா வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வால்நட்டில் வந்து நின்றேன். பிறகு என் மனைவி ஆவுடையும் நானும் காசிக்குப் போனோம். காசியில் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் அல்லவா? கோவைக்காயை விட்டேன், பாகற்காயை விட்டேன் என்று ஊருக்கு வந்து பெருமையடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். எப்போதுமே அதைச் சாப்பிடாத ஆட்கள். ஆவுடை அப்படியில்லை. கங்கையில் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, "பாலும் பால்ல வந்ததும் இனிமே கிடையாது. இவுக நெஞ்சுக்கு ஒண்ணும் வரக் கூடாது" என்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலம் முழுக்கக் காப்பியில் ஓடிய உடம்பு அது. தயிர் இல்லாமல் கடைசிக் கவளம் இறங்காது. அவள் சொன்னதும் நானும் அதையே சொன்னேன். பக்கத்தில் நிற்கிறவன் வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்து வீட்டில் பால் பாக்கெட் கிடையாது. நாங்களோ கறி, முட்டை தொடாத சைவக் குடும்பம். ராத்திரி ஊறப்போட்ட வால்நட்டைக் காலையில் அலசி, அரைத்து, வடிகட்டிப் பாலாக எடுக்கிறாள் ஆவுடை. அதில்தான் காப்பி. எனக்குக் கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். மாத்திரையும் சாப்பிடுகிறேன் என்பது வேறு விஷயம்.

நடை முடிந்து தளவாயோடு பேசிவிட்டு வர நேரமாகிவிட்டது. வால்நட் காப்பி ஆறிப்போயிருந்தது. பாதிதான் குடிக்க முடிந்தது. வயிறு நிறைவாக இருந்தது.


ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

சாமிக்குப் பசும்பாலில்தான் பொங்க வேண்டும் என்பதில் ஆவுடை உறுதி. பானையில் பால் பொங்கி வழிந்தபோது குலவை போட்டாள். ஆனால் ஒரு வாய் எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரைப் பொங்கல் மொத்தமும் பக்கத்து வீட்டு சந்திரா டீச்சருக்குப் போயிற்று. நான் மட்டும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். பிரசாதத்தை மறுப்பது முறையில்லை.

அவளுக்கு என்று தனியாகத் தேங்காய்ப்பாலில் கிண்டிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். முகம் வெளிறித் தெரிந்தது. விடியற்காலையில் எழுந்து வேலை செய்த அலுப்பு.


பிப்ரவரி 3, வெள்ளி

ஒரு வேடிக்கை. ஆவுடை தன் தங்கை வீட்டு நம்பரை மறந்துவிட்டாள்.

வேடிக்கை என்று ஏன் எழுதினேன் என்றால், இவள் ஒரு காலத்தில் பாளையங்கோட்டையில் பாதிப் பேரின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னவள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து பந்தயம் வைப்பார்கள். அரிசி மண்டி நம்பர் என்ன, அய்யர் கிளப் நம்பர் என்ன என்று கேட்கக் கேட்கச் சொல்வாள். செல்போன் வந்த பிறகும் எந்த நம்பரையும் அவள் பதிந்துவைத்துக்கொண்டதில்லை. அதை அவமானமாக நினைப்பாள். இன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"வயசாகுதுல்லா" என்றேன்.

"காலும் ஒரு மாதிரி இருக்கு. எறும்பு ஊருத மாதிரி."

சர்க்கரை அவளுக்குப் பல வருஷமாக உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். ஞாபகத்துக்கு வழி என்னிடம் இருக்கிறது. வால்நட்டை உடைத்துப் பார்த்தால் மூளை மாதிரியே இருக்கும். இரண்டு பக்கம், நடுவில் பிளவு, மேலே மடிப்பு. கடவுள் காரணமில்லாமல் ஒரு உருவம் கொடுப்பாரா? இன்றிலிருந்து அவள் பங்கைக் கூட்டிவிட்டேன்.


பிப்ரவரி 20, திங்கள்

வால்நட் வாங்க டவுனுக்குப் போனேன். கடைக்காரன் என்னைப் பார்த்ததும் புது மூட்டையைப் பிரித்துவிடுவான். பழசைத் தள்ளிவிட முடியாது என்று தெரியும். பருப்பு வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்திருந்தால் பழசு. முகர்ந்தால் எண்ணெய் காறிய வாடை வந்தால் தொடவே கூடாது. ஓடோடு வாங்கினால் ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கடகடவென்று ஆடினால் பருப்பு வற்றிவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் பேச்சில் சொல்ல வேண்டும்.

தளவாயோடு காப்பி கிளப்பில் உட்கார வேண்டியதாகிவிட்டது. நடை முடிந்ததும் எல்லாரும் அங்கே போவது வழக்கம். ஆளாளுக்குக் காப்பி வாங்கும்போது நான் மட்டும் சுடுதண்ணீர் கேட்டால் நன்றாக இருக்காது. மரியாதைக்காகத்தான் அரை டம்ளர். காசியில் சொன்னது வீட்டுக் காப்பியை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். கிளப்பில் பட்டர் பன்னும் நன்றாகப் போடுகிறான்.

வாயைக் கொப்பளித்து, ஒரு ஏலக்காய் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.


மார்ச் 5, ஞாயிறு

ஆவுடை கோயிலுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். மற்றது வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. வாசலுக்கு வரும்வரை அவளுக்குத் தெரியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ரோட்டுல போறவன்லாம் பாத்திருப்பான்" என்றேன். அவளும் சிரித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து பாதத்தைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சுடுமணல்ல நடந்து வந்திருக்கேன். சூடே தெரியலங்க" என்றாள்.

நான் போய்த் தேடினேன். தேரடித் திருப்பத்தில் கிடந்தது.


மார்ச் 22, புதன்

கல்யாணி போனில் ஒரே கூச்சல். அம்மா பேச்சில் தடுமாறுகிறாள், சொன்னதையே சொல்கிறாள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்கிறாள். ஓசூரில் இருந்துகொண்டு எல்லாம் தெரிந்த மாதிரி.

"ஆண்டு விழா முடியட்டும்" என்றேன்.

"அம்மாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. பேச்சைக் கேட்க முதல் வரிசையில் ஆவுடை உட்கார வேண்டும். ஆஸ்பத்திரி என்று போனால் அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட் என்று இழுத்துப்போட்டுவிடுவார்கள். ஊருக்கெல்லாம் ஆரோக்கியம் சொல்லப்போகிறவன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு சொன்னால் எடுபடுமா? இதைக் கல்யாணியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தால் எனக்கே நன்றாக இல்லை. அடிக்க மனமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.


ஏப்ரல் 16, ஞாயிறு

விழா ஜோராக நடந்தது. எனக்குப் பொன்னாடை.

வெறும் கையளவு வால்நட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பின் உறவுக்காரக் கொழுப்பு ஒன்று, கொட்டைகளிலேயே இதில்தான் அதிகம், சைவக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம் என்றேன். புரதம், நார்ச்சத்து, மெக்னீசியம், தாமிரம், மாங்கனீஸ், ஃபோலிக் அமிலம் என்று வரிசையாகச் சொன்னேன். கெட்ட கொழுப்பைக் குறைக்கும், ரத்தக் குழாயை இளக்கமாக வைத்திருக்கும், சிப்ஸும் மிக்சரும் தின்கிற நேரத்தில் இதைத் தின்றால் வயிறும் அடங்கும், மனசும் அடங்கும் என்றேன். மேல்தோல் கசக்கிறது என்று உரித்துப் போடுகிற மேதாவிகளை ஒரு பிடி பிடித்தேன். நல்ல சத்தில் பாதி அந்தத் தோலில்தான் இருக்கிறது. ஆனால் கொழுப்பும் நிறைய என்பதால் கையளவுக்கு மேல் போகக் கூடாது, சட்டி நிறைய வறுத்துவைத்துக்கொண்டு டிவி பார்க்கக் கூடாது என்றபோது பெண்கள் பக்கம் சிரிப்பு.

கடைசியில் பாங்க்கில் வேலை பார்த்த ஒருவர் எழுந்தார். "அண்ணாச்சி, வால்நட் சரி. பாலு தயிரு ஒண்ணுமே இல்லாம இருக்கலாங்கியளே, ஒடம்புக்கு வேண்டியது எல்லாம் இதுலயே கெடச்சிருமா?"

"பசுமாடு பால் குடிச்சா வளருது? புல்லத் தின்னுல்லா அவ்வளவு பாலு குடுக்கு!" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பால் நுழைந்து வருஷம் மூன்றாகப் போகிறது, இதோ என் வீட்டு அம்மா சாட்சி என்று ஆவுடையை மேடைக்குக் கூப்பிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். மேடைக்கு இருந்ததே சின்னப் படிகள். காலை எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்த்துப் பார்த்து ஏறினாள். கடைசிப் படியில் தடுக்கி என் மேல் சாய்ந்தாள். நான் தாங்கிக்கொண்டேன். அதற்கும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "அவரு கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே" என்றாள். மேடைப் பேச்சு தெரியாதவள்.


ஏப்ரல் 30, ஞாயிறு

மின்சாரக் கட்டணம் கட்டினேன். தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று. ஆவுடைக்கு நாக்கு எரிகிறதாம், காரமே வைக்க முடியவில்லையாம். வெயில்.


மே 9, செவ்வாய்

இன்று கத்திவிட்டேன்.

கிளப்பிலிருந்து வந்தால் தெரு வரைக்கும் தீய்ந்த வாடை. அடுப்பில் வால்நட் பால் சுண்டிக் கறுத்துப் பாத்திரம் பாழாகிக் கிடக்கிறது. இவள் ஹாலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். "மூக்கு எங்க போச்சு? கொஞ்சமாச்சும் நெனப்பு இருக்கா?" என்று கேட்டேன். இன்னும் கேட்டேன். எழுதவில்லை.

அவசரமாக எழுந்து போய்ப் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து இறக்கினாள். பிடித்துக்கொண்டே நின்றாள். நான்தான் தட்டிவிட்டேன். விரலெல்லாம் கொப்புளம். அவள் அழவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

"சுடவே இல்லங்க" என்றாள்.


மே 10, புதன்

கத்தியிருக்கக் கூடாது.


மே 24, புதன்

கொப்புளம் ஆறிவருகிறது. சமையல் நான் செய்கிறேன். ரசம் வைக்கத் தெரிந்துகொண்டேன். ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கூட்டிப் போக வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சர்க்கரை டாக்டர் ஊரில் இல்லை. வரட்டும்.


ஜூன் 4, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணி வந்து இறங்கினாள். சந்திரா டீச்சர் போன் செய்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை என்று முதலில் கோபம் வந்தது.

அம்மாவைப் பார்த்ததும் கல்யாணி பையை வாசலிலேயே போட்டுவிட்டாள். நான் தினமும் பார்க்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. உதடு வெளுத்து, நாக்கு மட்டும் தோல் உரிந்த மாதிரிச் சிவந்து, சேலை உடம்பில் நிற்கவில்லை.

முகம் கழுவ வாஷ்பேசினுக்குப் போனாள் ஆவுடை. சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் அடியோடு சாய்ந்தாள். கல்யாணி ஓடிப்போய்ப் பிடித்தாள். "எப்பருந்தும்மா இப்படி?"

"கண்ணத் தொறந்துட்டு இருந்தா நிப்பேன்ட்டி. மூடினா தரை எங்க இருக்குன்னு தெரிய மாட்டேங்கு."

எனக்கு இது தெரியாது. என்னிடம் அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.


ஜூன் 6, செவ்வாய்

நரம்பு டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகக் கேட்டார். சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டினார். அதிரும் கம்பி ஒன்றைக் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிருதாம்மா?" என்றார். ஆவுடை இல்லை என்றாள். கணுக்காலில் வைத்தார். இல்லை. முழங்காலில் வைத்தபோதுதான் லேசாகத் தெரிகிறது என்றாள்.

ரத்தப் பரிசோதனை சாயங்காலம் வந்தது. பி12 என்ற வைட்டமின் அவள் உடம்பில் கிட்டத்தட்ட இல்லவே இல்லையாம்.

"என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு வால்நட்டைப் பற்றிச் சொன்னேன். நல்லதுதானே டாக்டர் என்றேன்.

"ரொம்ப நல்லது சார். அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா பி12 எந்தச் செடி கொடியிலயும், கொட்டையிலயும் கிடையாது. கறி, மீன், முட்டை சாப்பிடாதவங்களுக்குப் பால், தயிர், மோர்னு வந்தாத்தான் உண்டு. அம்மா வருஷக்கணக்கா சர்க்கரைக்கு எடுக்கிற மாத்திரையும் அதைக் குறைக்கும். பாலையும் நிறுத்திட்டா எங்கேருந்து வரும்? முதல்ல கால் மரத்துப்போகும். அப்புறம் நடை, ஞாபகம். எப்ப ஆரம்பிச்சது?"

"பிப்ரவரி" என்றேன். டைரி எழுதுகிறவன் ஆயிற்றே, மறக்கவில்லை.

"அப்பவே வந்திருந்தா முழுசா மீட்டிருக்கலாம் சார். ஞாபகம் திரும்பிடும்னு நம்பறேன். கால் எவ்வளவு தூரம் சரியாகும்னு இப்ப சொல்ல முடியாது."

அப்போதுதான் கல்யாணி கேட்டாள். "டாக்டர், அப்பாவும் அதே சாப்பாடுதான். பாலே தொடுறதில்ல. அப்பாவுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். கல்யாணி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

"அவுகளுக்கு ஹார்ட்டு டாக்டர் சத்து மாத்திரை குடுத்திருக்காரு. தெனமும் போடுதாவ" என்றாள் ஆவுடை.

எந்த டாக்டரும் எனக்குச் சத்து மாத்திரை கொடுத்ததில்லை. என் மாத்திரைப் பெட்டியை வாரா வாரம் நிரப்பிவைப்பவள் அவள். அதில் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். ஆவுடை என் பக்கம் திரும்பவே இல்லை.


ஜூன் 7, புதன்

முதல் ஊசி. செக்கச்செவேலென்று, மாதுளைச் சாறு நிறத்தில் இருந்தது மருந்து. இதில் பால் கிடையாதே என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆவுடை கையை நீட்டினாள்.


ஜூன் 11, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் நடக்கப் போகவில்லை. தளவாய் வந்து பார்த்துவிட்டுப் போனான். சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தான். போகும்போது வாசலில் நின்று, "நீ கிளப்புக்கு வாரது தங்கச்சிக்குத் தெரியுமாவே?" என்றான். அவன் செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

கல்யாணி தயிர் வாங்கிவந்து பிசைந்தாள். "காசியில விட்டதும்மா" என்று ஆவுடை தட்டை நகர்த்திவிட்டாள். ஊசி போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் கல்யாணியும் விட்டுவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வால்நட் டப்பாக்களை எல்லாம் எடுத்துப் பரண் மேல் போட்டவளும் அவள்தான். பாவம், வால்நட் என்ன செய்யும்? அது தன்னிடம் உள்ளதைக் கொடுத்தது. இல்லாததையும் அதன் தலையில் கட்டியவன் நான்தான்.


ஜூன் 18, ஞாயிறு

நல்ல சேதி. ஆவுடை தங்கை வீட்டு நம்பரைத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். கல்யாணி கை தட்டினாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

கால் அப்படியே இருக்கிறது. வாக்கர் வாங்கியாயிற்று. அதன் சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது.


ஜூன் 25, ஞாயிறு

கல்யாணி காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

சொல்லிவிடுவது என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். ஆவுடை கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிசியோதெரப்பிப் பையன் சொல்லிக்கொடுத்தபடி அவள் பாதத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் அசைக்கிறேன் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். பாதி தப்பாகச் சொன்னாள். தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் சரி என்றேன்.

"ஆவுடை, நான் கிளப்புல காப்பி குடிப்பேன்."

கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பருந்து தெரியும்?"

"காசியில இருந்து வந்து கொஞ்ச நாள்லயே. ஒங்க துண்டத் தொவைக்கது யாரு? நாப்பது வருசமா காப்பி குடிச்சவளுக்கு அந்த வாடை தெரியாதா?"

நான் பாதத்தை விட்டுவிட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல" என்றாள். "அப்ப எனக்குத் தாங்கல. பன்னெண்டு மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போயி ஒரு தம்ளர் மோர் வாங்கிக் குடிச்சிட்டுதான் வருவேன். நீங்க வாக்குல சுத்தமா இருக்கியள்லா, நான் ஒரு வாய் குடிச்சா சாமி கண்டுக்கிடாதுன்னு நெனச்சேன். பொறவு ஒங்க துண்டுல வாடை அடிச்சிது. பயந்துட்டேன்."

"எதுக்குப் பயம்?"

"ரெண்டு பேரும் சொன்ன வாக்கு. ரெண்டு பேரும் விட்டுட்டா ஒங்க நெஞ்சுக்கு யாரு காவல்? அன்னையில இருந்து மோரு கூடத் தொடல. ஒங்களுக்கும் சேத்து நானே இருந்துக்கிடலாம்னு இருந்தேன்."

அதாவது, நான் அந்த அரை டம்ளரைக் குடிக்காமல் இருந்திருந்தால் அவள் மோர் குடித்திருப்பாள். மோர் குடித்திருந்தால் இந்தக் கால் இப்படி ஆகியிருக்காது. என் நெஞ்சு நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கே என்கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றேன். "சண்டை போட்டிருக்கலாம்லா."

அவள் பழைய ஆவுடையாக, எக்ஸ்சேஞ்சில் எவன் பொய் சொல்கிறான் என்று குரலை வைத்தே கண்டுபிடித்துச் சிரிப்பாளே, அந்த மாதிரிச் சிரித்தாள்.

"சண்ட போட்டா நிறுத்தியிருப்பீயளாக்கும்? வேற கடைக்குப் போயிருப்பீய."

உண்மைதான். வேறு கடைக்குத்தான் போயிருப்பேன்.